அக்கிலிஸ் நாண் அறுந்ததும் நடக்க முடிந்ததால் வந்த குழப்பமும்

ஆடிக்கொண்டிருக்கும்போது குதிகாலுக்குச் சற்று மேலே யாரோ பின்னாலிருந்து ஓங்கி உதைத்தது போன்ற உணர்வு ஏற்பட்டு, திரும்பிப் பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லையென்றால், தயவுசெய்து அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். நாற்பது வயதைத் தாண்டியபின் மாலை வேளைகளில் பேட்மின்டன் ஆடும் என்னைப் போன்றவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு அறுந்தது, கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்புடன் இணைக்கும் அக்கிலிஸ் நாண். இரட்டையர் ஆட்டத்தில் பின்பக்கம் நகர்ந்து கொண்டிருந்தவன், வலைக்கு அருகே விழுந்த பந்தை எடுப்பதற்காகக் காலை ஊன்றி முன்னால் உந்திய நொடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கத்துக் களத்தில் ஆடியவர்களும் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கடுமையான வலி சிறிது நேரத்திலேயே தணிந்துவிட்டது. காலைச் சாய்த்துச் சாய்த்து வண்டி நிறுத்துமிடம் வரை நடக்கவும் முடிந்தது. அன்றிரவு பார்த்த மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் முறிவு ஏதும் இல்லை, சுளுக்குதான் என்று கூறி, கிரேப் பேண்டேஜ் சுற்றி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியுமே தவிர, நாண் அறுந்திருப்பது நேரடியாகத் தெரியாது என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள், எண்ணெய் போட்டு நீவிவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். கட்டுப் போடும் வைத்தியசாலை ஒன்றின் முகவரியும் வந்து சேர்ந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தவர், எங்கள் களத்துக்கு வழக்கமாக ஆட வரும் ஒரு பிசியோதெரபிஸ்ட். வீட்டுக்கு வந்தவர் என்னைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லி, இரண்டு பாதங்களும் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி செய்தார். முதலில் நல்ல காலின் கெண்டைச் சதையைக் கையால் அழுத்திப் பிடித்தபோது, பாதம் தானாகவே கீழ்நோக்கி அசைந்தது. அடிபட்ட காலிலும் அதேபோல் அழுத்தினார். பாதம் அசையவே இல்லை. பிறகு என் விரலைப் பிடித்துக் குதிகாலுக்கு மேலே வைத்து மெல்ல நகர்த்தினார். இறுக்கமான கயிறுபோல் இருக்க வேண்டிய இடத்தில் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. “அண்ணா, இது சுளுக்கு இல்ல, நாளைக்கே ஆர்த்தோ டாக்டரைப் பாருங்க” என்றார். இந்தச் சோதனைக்குத் தாம்சன் சோதனை என்று பெயர். கருவி எதுவும் தேவைப்படாத, ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தச் சோதனையை, குதிகாலுக்கு மேலே வலி என்று வருகிற ஒவ்வொரு விளையாட்டுக்காரருக்கும் முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மறுநாள் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அவர் சொன்னதையே உறுதிசெய்தது.

நாண் அறுந்தவனால் எப்படி நடக்க முடிந்தது என்று பலரும் என்னிடம் கேட்டார்கள். கணுக்காலைச் சுற்றிச் செல்லும் வேறு சில தசைகளும், பெருவிரலை மடக்கும் தசையும் பாதத்தை ஓரளவு கீழ்நோக்கி வளைத்துக் கொடுக்கின்றன. ஆகவே தட்டுத்தடுமாறி நடந்துவிடலாம். ஆனால் அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த இயலாது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2013 ஏப்ரலில் இதே நாண் அறுந்த நிலையில்தான் களத்தில் நின்று இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் கூடைக்குள் போட்டுவிட்டு வெளியேறினார். நடக்க முடிகிறது என்பது எதற்கும் சான்றாகாது என்று புரிய அந்த ஒரு நிகழ்வே போதும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, அறுவை சிகிச்சை எல்லோருக்கும் கட்டாயம் என்பதில்லை. நார்வேயில் நடந்து 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களும் செய்துகொள்ளாதவர்களும் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். அறுவை இல்லாதவர்களில் 6 சதவீதத்தினருக்கு நாண் மறுபடியும் அறுந்தது, செய்துகொண்டவர்களில் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் நரம்பு பாதிக்கப்படுவது அறுவை செய்துகொண்டவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து வைத்துப் பார்த்தபோதும் அறுந்த முனைகள் ஒன்றையொன்று நெருங்கவில்லை என்று ஸ்கேனில் தெரிந்ததால், என் மருத்துவர் அறுவையைப் பரிந்துரைத்தார். எந்த வழியானாலும் சீக்கிரம் தொடங்குவது முக்கியம். வாரக்கணக்கில் தள்ளிப்போனால் முனைகள் சுருங்கி விலகிவிடும். அதன்பின் வேறொரு தசையின் நாணை எடுத்து இணைக்கும் பெரிய அறுவைகூடத் தேவைப்படலாம்.

குணமாகும் காலம் நீண்டது. குதிகாலுக்கு அடியில் ஆப்பு வடிவ அட்டைகள் வைத்த கனமான பூட்டை அணிந்து, அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாதத்தை மெல்ல மெல்லச் சமநிலைக்குக் கொண்டுவருவார்கள். அந்த நாட்களில் மாடிப்படிதான் பெரும் சோதனை. வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லையென்றால் நாற்காலி வடிவ மாற்று ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். கால் அசையாமல் இருக்கும்போது கெண்டைக்காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. எனவே புதிதாக வீக்கமோ கெண்டைச் சதையில் வலியோ வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நாண் அறுந்துபோகும் அபாயத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. நம் ஊரில் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்கிற்கும் மருந்துக்கடையிலேயே கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், இந்த மாத்திரைகளை உட்கொள்ள நேர்ந்தவர்கள், எப்போது மறுபடியும் ஆடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆட்டத்துக்குத் திரும்பும் நாளை நாட்காட்டியை வைத்து முடிவுசெய்ய என் பிசியோதெரபிஸ்ட் அனுமதிக்கவில்லை. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அடிபட்ட ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை நல்ல காலுக்கு நிகராக எத்தனை முறை உயர்த்த முடிகிறது என்பதையே அவர் அளவுகோலாக வைத்தார். உயரத்தில் இன்றும் சிறு குறைவு இருக்கிறது, அது முழுவதும் சரியாகாமல் போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இப்போது இரட்டையர் ஆட்டம் மட்டும் ஆடுகிறேன். எம்பிக் குதித்து அடிப்பதை விட்டுவிட்டேன்.