மறு: ‘டிஸ்கவர்’ பொத்தானுக்குத் தமிழ்: ‘கண்டெடு’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் பாட்டுச் செயலியான இசைப்பானின் தமிழாக்கத்தில், நாம் கேட்டிராத பாட்டுகளைக் காட்டும் ‘டிஸ்கவர்’ (Discover) என்ற தாவலுக்கு இதுவரை கண்டுபிடி, கண்டறி, புதியன தேடு, தேட்டம் ஆகியவை வந்திருக்கின்றன. என் பங்குக்கு இன்னொன்று: கண்டெடு.

> ‘கண்டுபிடி’ எல்லாருக்கும் தெரிந்த சொல். அதையே வைத்துவிடலாமே?

தெரிந்த சொல்தான் ஐயா. ஆனால் கண்டுபிடி என்றாலே ஒன்று எடிசன் நினைவுக்கு வருவார், இல்லாவிட்டால் போலீஸ். ‘கண்டறி’ மருத்துவர்கள் கைக்குப் போய் வெகுநாளாகிறது. நோயைக் கண்டறிவார்கள், பாட்டை யாரும் கண்டறிவதில்லை. ‘புதியன தேடு’ இன்னும் சிக்கல். பக்கத்திலேயே தேடல் கட்டம் இருக்கிறது. ஏதாவது ஒரு பிடி, பெயரோ ஒரு வரியோ, கையில் இருந்தால்தான் தேட முடியும். இந்தத் தாவலோ இருப்பதே தெரியாத பாட்டுக்காக வைத்தது.

பதிவிறக்கக் காலத்தில் நமக்குப் புதுப்பாட்டு எப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். (ஈழத்து நண்பர்கள் ‘தரவிறக்கம்’ என்று வாசித்துக்கொள்ளலாம். அந்தப் பஞ்சாயத்தை மறுபடி திறக்க வேண்டாம்.) 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடை அமெரிக்காவில் திறந்தபோது ஒரு பாட்டு 99 சென்ட். ஆல்பம் முழுவதையும் வாங்க வேண்டியதில்லை, பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. நம் பக்கம் நடந்தது நேரெதிர். ஒரே ஒரு ஹிட் பாட்டுக்காகப் படத்தின் ஜிப் கோப்பை இறக்குவோம். கூடவே இன்னும் ஐந்து பாட்டு வந்து சேரும். கேட்கவேண்டும் என்று நினைத்ததே இல்லை, ஆனால் வன்தட்டில் கிடக்கும். ஒரு நாள் பிளேயர் தானாக அடுத்ததற்குத் தாவும்போது அந்த ஐந்தாவது பாட்டு காதில் விழும். படத்தில் கூட வந்திருக்காது. அப்புறம் ஒரு மாதத்துக்கு அதுதான் ஓடும். உரிமை பெற்ற கோப்பா இல்லையா என்பது வேறு கதை. பாட்டு வந்து சேர்ந்த விதத்தைத்தான் சொல்கிறேன்.

யார் இசை, யார் குரல் என்று பார்க்கப் போனால் அதுவும் தெரியாது. எம்பி3 கோப்புகளின் வாலில் பாட்டு விவரத்தைத் தாங்கி ஒட்டும் ஐடி3 குறிச்சொல்லின் முதற்பதிப்பு மொத்தமே 128 பைட். அதில் பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும். அப்படியே தமிழில் எழுதினாலும் 10 குறியீட்டோடு பெயர் அறுந்துவிடும். புள்ளியும் கொம்பும் தனிக்கணக்கு வேறு. பின்னால் வந்த பதிப்புகளில் இந்தத் தடை இல்லை. ஆனாலும் கோப்பை ஏற்றியவர்கள் பாடகர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தங்கள் தள முகவரியைத் திணித்துவைத்தார்கள். ஆகப் பெயரில்லாமல் கிடந்த ஒன்று, கண்ணில் பட்டது, எடுத்துக்கொண்டோம். இதற்குத் தமிழில் வினை ஏற்கெனவே இருக்கிறது. பெரியாழ்வார் துளசிச் செடியடியில் ஆண்டாளைக் கண்டெடுத்தார் என்றுதானே சொல்கிறோம்? கண்டுபிடித்தார் என்று யாராவது சொல்வார்களா?

> செய்தித்தாளில் கண்டெடுக்கப்படுவது சடலம்தான். பொத்தானில் வைத்தால் திகிலாக இருக்காதா?

சிரித்துவிட்டேன். ஆனால் கீழடிப் பானையோட்டுத் துண்டும் செப்பேடும் சோழர் காசும் அதே செய்தித்தாளில் கண்டெடுக்கப்படுகின்றனவே. செயப்பாட்டு வினையில் வரும்போதுதான் அந்தச் சவக்கிடங்கு வாடை. ஏவலாகக் ‘கண்டெடு’ என்று நிற்கும்போது அது இல்லை. நான்கே எழுத்து என்பதால் கைப்பேசித் தாவலிலும் உடையாமல் அடங்கும். ‘கண்டுபிடிப்பு’ என்று போட்டுச் சோதித்தேன், கடைசி ‘பு’ கீழ் வரிக்குப் போய்விட்டது.

இன்னொரு சங்கதிதான் எனக்கு முக்கியம். ஆங்கிலத்தில் இரண்டு வேறு வேலைகளுக்கு ‘டிஸ்கவர்’ என்ற ஒரே சொல்லை ஒட்டிவிடுகிறார்கள். இசைக்கலைஞர்கள் தங்கள் பாட்டை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் அந்தப் பெயருள்ள பக்கத்தில் இசைவகையை நாமே தேர்ந்து, கேட்டு, பிடித்ததைக் காசு கொடுத்து இறக்குகிறோம். இணையவழிப் பாட்டுச் சேவையான ஸ்பாட்டிஃபை 2015இல் தொடங்கிய ‘டிஸ்கவர் வீக்லி’ என்ற வாராந்தரப் பட்டியலின் பெயரிலும் அதே சொல்தான். ஆனால் அங்கே திங்கட்கிழமைதோறும் 30 பாட்டைக் கணினி நிரல் பொறுக்கித் தருகிறது. நம் கேட்பையும், நம்மைப் போன்ற ரசனை உள்ளவர்கள் தொகுத்த பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பொறுக்குகிறது. நல்ல பாட்டும் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் எடுத்தது நாம் இல்லையே! இரண்டாவதற்குப் ‘பரிந்துரை’ போதும். நம் செயலியில் இரண்டும் ஒரே தாவலுக்குள் இருப்பதால், தாவலுக்குக் ‘கண்டெடு’, உள்ளே தானாக வரும் பட்டியலுக்கு ‘வாரப் பரிந்துரை’ என்று பிரித்துவிடலாம் என்பது என் கருத்து.

யாழ்ப்பாண நண்பர் தந்த ‘தேட்டம்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் இந்த இடத்துக்கு இல்லை. டச்சுக்காரர் 1707இல் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்து மூன்று வகைப்படும். மூதாதையர் வழி வந்தது முதுசம், மணவாழ்க்கையில் சம்பாதித்தது தேட்டம். அதாவது அது தேடும் செயலைக் குறிப்பதில்லை, சேர்ந்த பொருளைக் குறிக்கிறது. நம் மூன்றாவது தாவலில் ‘நூலகம்’ என்று ஒன்று அசட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிறது. பாட்டு அடுக்கியிருக்கும் இடத்தில் நூலுக்கு என்ன வேலை? அங்கே ‘தேட்டம்’ வரட்டும். தேடு, கண்டெடு, தேட்டம் என்று வரிசையும் பொருந்துகிறது. அப்பாவின் கேசட்டிலிருந்து மாற்றிவைத்த பாட்டுகளுக்கு ‘முதுசம்’ என்று ஒரு கோப்புறை போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம்.

மறுப்பு இருந்தால் இந்த வார இறுதிக்குள் இங்கேயே எழுதுங்கள், திங்கட்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்பை அனுப்பவேண்டும். ‘ஷஃபிள்’ பொத்தானில் இப்போது ‘கலை’ என்று இருப்பதைப் பார்த்து, ஓவியம் வரையும் வசதியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சீட்டைக் குலுக்குவது போலக் ‘குலுக்கு’ என்று போடலாமா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.