தருமபுரி நடைபாதைக்கு வெள்ளைப் பூச்சா, பந்தலா, மரமா?

பென்னாகரம் ரோடு:
பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு பூசச் சொல்லி மனு கொடுக்கப் போகிறேன். என் வீட்டு மொட்டை மாடியில் பூசியதும் கீழ் அறையில் புழுக்கம் குறைந்துவிட்டது. தெருவுக்கும் அதுவே போதும்.

புங்கமரம்:
மாடியில் நண்பகலில் யார் நடக்கிறார்கள் ஐயா? தெருவில் நடக்கிறார்களே! கல் குளிரும், ஆனால் அது திருப்பியடிக்கும் வெயில் நடப்பவரின் முகத்தில்தான் விழும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் இப்படிப் பூசிய தெருக்களில் அளந்து பார்த்தார்கள். தரை குளிர்ந்தது; நண்பகலில் அங்கே நின்றவர்மேல் விழுந்த வெப்பம் கூடியது. மரத்தடியிலும் காற்றின் சூடு ஓரிரு டிகிரிதான் குறையும். ஆனால் நேர் வெயிலும் தரை அனலும் உடம்பில் படாமல் தடுக்கிறதே, சுகம் அதில்தான் இருக்கிறது.

கடைவீதிக்காரன்:
மரம் வைத்தால் என் பெயர்ப்பலகை மறையும், மின்கம்பியில் கிளை உரசும், சருகை நான்தான் பெருக்க வேண்டும். குறுகலான தெருவுக்குக் கட்டிட நிழலே போதாதா?

புங்கமரம்:
காலையிலும் மாலையிலும் போதும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சுவரின் நிழல் சுவர் காலடியிலேயே அடங்கிவிடும். மே முடிவில் சூரியன் வடக்கே சாய்ந்த பிறகும், பத்து மீட்டர் உயரக் கட்டிடத்துக்கு நண்பகலில் இரண்டு மீட்டர் நிழல்கூடத் தேறாது. தலைக்கு மேலே ஏதாவது இருந்தாக வேண்டும்.

பென்னாகரம் ரோடு:
அப்படியானால் தகரக் கூரை போடலாமே. மரம் வளரும்வரை யார் காத்திருப்பது?

இராயக்கோட்டைக்காரி:
தகரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்து பாருங்கள், உச்சந்தலையில் அனல் இறங்கும். சிக்னலில் கட்டும் பச்சை வலை எவ்வளவோ மேல், காற்றாவது நுழையும். அதையும் வண்டிக்காரர்களுக்குத்தான் கட்டுகிறார்கள். காய்கறிப் பையோடு நடக்கும் என்னைப் போன்றவர்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்! 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். உயிரோடு நடப்பவருக்கு நிழல் எங்கே? இந்த ஆண்டு வலை கட்டுங்கள், அதனடியிலேயே கன்றும் நடுங்கள்.

பென்னாகரம் ரோடு:
வலைக்கு மனு எழுதிவிடுகிறேன். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

கடைவீதிக்காரன்:
ஊற்றுகிறேன். என் பலகைக்கு நேரே மட்டும் வேண்டாம். எனக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவே குழி எடுங்கள்; பக்கத்துக் கடைக்காரரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.