ஆம்புலன்ஸில் நேர்ந்த மரணத்தை எங்கே பதிவு செய்வது? தொழில் பழகுபவர்கள் என்ன பதிவேடு எழுத வேண்டும்?

கேள்வி (மார்த்தாண்டம்)

அனைவருக்கும் வணக்கம். சவப்பெட்டி, ஃப்ரீசர் பெட்டி, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுடன் இறுதிச்சடங்குச் சேவை நடத்தி வருகிறேன். இவ்வாண்டு இரண்டு இளைஞர்கள் தொழில் பழக என்னிடம் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஃப்ரீசர் பெட்டி கொண்டு சென்ற வீட்டில் இப்போது ஒரு சிக்கல். அந்த வீட்டுப் பெரியவரைத் திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்து, வேறொருவருடைய ஆம்புலன்ஸில் அழைத்து வந்திருக்கிறார்கள். வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. உயிரோடுதான் அனுப்பினோம் என்கிறது மருத்துவமனை. இறந்தது எங்கள் எல்லைக்குள்தானா என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் கேட்கிறார்கள். நம் மாவட்டத்தில் பலரும் செய்வதுபோல வீட்டு வளாகத்திலேயே அடக்கம் செய்ததால் கல்லறைத் தோட்டப் பதிவும் இல்லை. மூன்று வாரம் கடந்துவிட்டது; ஒரு மாதம் இன்னும் ஆகவில்லை. குடும்பத்தாருக்கு என்ன வழி சொல்வது? இத்தகைய நிலை வராமலிருக்க, பழகுபவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்து, எதை எழுதவைக்க வேண்டும்?

பதில் (தக்கலை, பதிவுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்)

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி மரணம் நேர்ந்த இடத்தில்தான் பதிவு. சொந்த ஊரும் அடக்கம் செய்த இடமும் கணக்கில் வராது. ஓடும் வாகனத்தில் இறப்பு நேர்ந்தால், வாகனத்தின் பொறுப்பில் இருந்தவர் அது முதலில் நிற்கும் இடத்தில் தகவல் தர வேண்டும் என்பது விதி. ஆகவே, உயிர் பிரிந்த பிறகு வண்டி முதலில் எங்கே நின்றது என்பதையே நீங்கள் விசாரிக்க வேண்டும். கேரளத்தின் பாறசாலையில் நின்றிருந்தால் அங்குள்ள பஞ்சாயத்து, தமிழக எல்லைக்குள் களியக்காவிளையில் என்றால் அந்தப் பேரூராட்சி, எங்கும் நிற்காமல் வீட்டு வாசலுக்கே வந்திருந்தால் அந்தக் கிராமத்தின் பதிவாளர்.

21 நாள் கடந்தாலும் 30 நாளுக்குள் தாமதக் கட்டணத்துடன் பதிவாளரே பதிவு செய்யலாம். அதைக் கடந்தால் ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. ஓராண்டுக்கு மேல் நடுவரின் ஆணை வேண்டும். எனவே இந்த வாரமே புறப்படச் சொல்லுங்கள். கடைசி நோயின்போது பார்த்த மருத்துவர் இறப்பின் காரணத்தைக் கட்டணமின்றிச் சான்றளிக்கக் கடமைப்பட்டவர். மருத்துவமனைக்கு வெளியே நேர்ந்த மரணத்துக்கு அது படிவம் 4-ஏ.

வீட்டில் இறந்தார் என்று எழுதினால் வேலை எளிதாகும் என யாரேனும் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து அதற்கு இடங்கொடுக்காதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் தருவது அச்சட்டப்படி குற்றம். அதோடு, காப்பீட்டுக்கும் வாரிசுச் சான்றுக்கும் போகும்போது மருத்துவமனைத் தாளிலுள்ள நேரம் அந்தக் கதையோடு ஒட்டாது.

பதில் (நாகர்கோவில், இதே தொழிலில் இருப்பவர்)

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். கலிபோர்னியாவில் உடல் பதப்படுத்துவோருக்கான உரிமம் பெற இரண்டு ஆண்டு பயிற்சியும், குறைந்தது 100 உடல்களைப் பதப்படுத்துவதில் உதவிய அனுபவமும் கேட்கிறார்கள். நம் தொழிலுக்கு இங்கே அத்தகைய உரிமம் இல்லை. அதனாலேயே பயிற்சிக் குறிப்பேட்டை நாமே கண்டிப்பாக வைத்திருக்க வேண்டும் என்பேன். ஒவ்வொரு வீட்டிலும் பழகுபவர் என்ன வேலை செய்தார், யார் உடனிருந்தார் என்று அன்றே எழுதி, மூத்தவர் கையொப்பமிட வேண்டும்.

உடலைத் தூக்கக் கற்பதற்கு முன்பே அவர் எழுதக் கற்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் உடலைப் பெற்ற மணி, ஒப்படைத்தவர் பெயர், உறவுமுறை, காட்டிய அடையாள அட்டை, எந்த வண்டியில் வந்தது, வழியில் எங்கே நின்றது, எங்கே உயிர் பிரிந்ததாக யார் சொன்னார் ஆகியவை உண்டு. தாலி, கம்மல், மோதிரம் ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி, உறவினர் இருவரிடம் கையொப்பம் வாங்குகிறோம். கழற்ற முடியாத மோதிரத்தைக் “கழற்றவில்லை” என்றே எழுத வேண்டும். அதை வெறுமனே விட்டால் பிறகு பழி அந்தப் பையன் மேல் விழும். தகனம் என்றால் பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்டு எழுதுவது கட்டாயம்; சூட்டில் அது வெடிக்கும்.

தூக்கு, விஷம், விபத்து என்று சிறிதளவு ஐயம் இருந்தாலும் எதையும் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி விசாரணை முடித்து அவர்கள் ஒப்படைத்த பிறகே நம் வேலை தொடங்கும். பழகுபவருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு, தேதிகளைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஃப்ரீசர் பெட்டியை வீட்டு மின்சாரத்தில் இணைக்கும் முன் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் பழக்குங்கள். அழுதபடி பெட்டியின் மேல் கைவைப்பவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு நிற்பவர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இறந்தவரின் மகனிடம் விசாரித்தேன். மூச்சு நின்றதும் பாறசாலையில் வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டதாகச் சொல்கிறார். ஓட்டுநரும் அதை ஒப்புக்கொள்கிறார்.

பதில் (தக்கலை)

அப்படியானால் பாறசாலைப் பஞ்சாயத்து அலுவலகம்தான். நின்ற இடம், நேரம், வண்டி எண் மூன்றையும் குறிப்பிட்டு ஓட்டுநரிடம் கையொப்பமிட்ட கடிதம் வாங்கச் சொல்லுங்கள். தகவல் தரும் கடமை அவருடையது என்பதால் அவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. டிஸ்சார்ஜ் தாள், மருத்துவர் தரும் 4-ஏ, இறந்தவரின் ஆதார் ஆகியவற்றின் நகல்களோடு அசலும் கையில் இருக்கட்டும். பெயரின் எழுத்தை ஆதாரில் உள்ளபடியே எழுதுகிறார்களா என்று பதிவுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.