தோட்டத்துக்கு நடமாடும் கிளினிக் வரவைக்க யாரைப் போய் பாக்கணும்?

செம்பனை மருமக:
வணக்கம். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்துல இருக்கோம். முன்னாடி பால்மரம், இப்ப முழுக்க செம்பனை. லயத்துல (தோட்டத்து வரிசை வீடுங்க) மிச்சம் இருக்கறது இருபத்தஞ்சு சொச்சம் குடும்பம்தான், பாதிக்கு மேல வயசானவங்க, பிள்ளைங்க எல்லாம் ஈப்போ, கேஎல், சிங்கப்பூர்னு வேலைக்குப் போயிட்டாங்க. அந்தப் பக்கம் கொங்சியில (வெளிநாட்டு ஆளுங்க தங்கற கொட்டகை) வங்காளதேசத்துப் பசங்க இருக்காங்க. தோட்டத்து ஆஸ்பத்திரிய டிரெசர் ஐயா (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) ரிட்டையர் ஆனதோட பூட்டிட்டாங்க, இப்ப அங்க உர மூட்டை அடுக்கி வச்சிருக்காங்க.

எதுக்கு கேக்கறேன்னா, என் மாமனாருக்கு 67 வயசு, இன்னும் உதிர்ந்த பழம் பொறுக்கப் போவாரு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து பூட்ஸ கழட்டி வாசல்ல வச்சாரு, சேறா இருக்கேன்னு நான் பைப்புல கழுவப் போனேன், உள்ள தண்ணி ஊத்திக் கவுத்தா செவப்பா வருது. கைய விட்டுப் பாத்தா செம்பனை முள்ளு, என் சுண்டுவிரல் நீளம், அடிப்பக்கம் தொளைச்சு உள்ள நிக்குது. அவரு படியில உக்காந்து தே ஓ (பால் இல்லாத தேத்தண்ணி) குடிச்சிட்டு இருக்காரு. மாமா கால்ல வலிக்கலையான்னு கேட்டா "எந்தக் கால்லம்மா"ன்னு என்னையே கேக்கறாரு. காலைல இருந்து அது மேலயேதான் நடந்திருக்காரு.

கிளினிக்ல பாத்தா இனிப்பு நீர் (சுகர்) 19 பாயிண்டு, ரொம்ப அதிகம். அதுவரைக்கும் ஒரு தடவை கூட செக் பண்ணினது இல்ல. பெரியாஸ்பத்திரில 9 நாள் வச்சிருந்து ரெண்டு விரல எடுத்துட்டாங்க.

கிளினிக்ல கட்டறது 1 வெள்ளிதான், ஆனா எங்க லயத்துல இருந்து சடக்குக்கே (பெரிய ரோடு) 6 கிலோமீட்டர் செம்மண் ரோடு, அங்க இருந்து இன்னும் 8 கிலோமீட்டர், பஸ் கிடையாது, பக்கத்து வீட்டுக் கார்ல போய்வர 40 வெள்ளி. ஒரு நாள் கூலி அதுலயே போயிடுது. அதான் யாருமே போறதில்ல. வண்டியில டாக்டர் வந்து பாக்கற மாதிரி ஏற்பாடு செய்ய முடியுமா, யாருக்கு எழுதணும், கொங்சி பசங்களயும் பாப்பாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, இன்னொரு வீட்டுல இது நடக்கக்கூடாது.

மிசி அக்கா:
தங்கச்சி, படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல எனக்கு. நான் அரசாங்க கிளினிக்ல 31 வருசம் மிசியா (நர்ஸ்) இருந்து ரிட்டையர் ஆனவ, இந்த மாதிரி கால நெறைய பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும் மனசு ஆறாது. மாமாவுக்கு வலி தெரியாம போனதுக்குக் காரணம், சீனி ரொம்ப வருசமா ஏறியே இருந்தா கால் நரம்பு மரத்துப் போயிடும். அதனாலதான் இனிப்பு நீர் உள்ளவங்க தெனமும் ராத்திரி பாதத்த விரல் இடுக்கோட பாக்கணும், குனிய முடியலன்னா ஒரு கண்ணாடிய தரையில வச்சுப் பாக்கணும், பூட்ஸ போடறதுக்கு முன்னாடி கவுத்துத் தட்டி உள்ள கைய விட்டுப் பாக்கணும்.

நீ போகவேண்டிய எடம் உங்க டாயிராவுல இருக்கற பெஜபாட் கெசிஹாத்தான், அதான் மாவட்ட சுகாதார ஆபீஸ். சுகாதார அமைச்சுக்கே கிளினிக் பெர்கெராக், அதான் நடமாடும் கிளினிக் இருக்கு. சும்மா "எங்களுக்கு டாக்டர் வேணும்"னு எழுதாத. வீடு வீடா போய் எண்ணு, எத்தனை வீடு, 40 வயசுக்கு மேல எத்தனை பேரு, வயித்துப்பிள்ளைக்காரி இருக்காங்களா, அஞ்சு வயசுக்குக் கீழ எத்தனை, படுக்கையில யாரு, ஏற்கனவே மாத்திரை எடுத்து விட்டவங்க எத்தனை பேரு, கிட்ட இருக்கற கிளினிக் எவ்ளோ தூரம், எல்லாம் ஒரே தாள்ல, மலாய்ல. ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு அந்தக் கணக்கு இருந்தாத்தான் மேல பேச முடியும்.

இன்னொண்ணு, அரசாங்கம் வருமானம் கொறைஞ்சவங்களுக்குக் குடுக்கற எஸ்டிஆர் காசு வாங்கறவங்களும் அவங்க புருசன் பொண்டாட்டியும் 40 வயசு ஆயிருந்தா பெக்கா பி40ங்கற அரசாங்க சுகாதாரத் திட்டத்துல இலவசமா உடம்பு செக் பண்ணிக்கலாம், ரத்தம், மூத்திரம் எல்லாம் எடுப்பாங்க. 2019ல ஆரம்பிச்ச திட்டம்தான், ஆனா தோட்டத்துல பாதிப் பேருக்கு பேரே தெரியாது. ரெண்டு தடவை போகணும், மொத தடவை ரத்தம் எடுக்க, ரெண்டாவது ரிசல்ட் கேக்க. அந்த ரெண்டாவது தடவைக்குப் போகாம விட்டவங்கள நான் நெறைய பாத்திருக்கேன்.

உன் மாமா மட்டும் இல்லம்மா. 2019 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 18.3 சதவீதத்துக்கு இனிப்பு நீர், நம்ம இந்தியர்னு தனியா பாத்தா 31.4. மொத்தத்துல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு தனக்கு இருக்கறதே தெரியாது.

டிரெசர் பேரன்:
அந்த ஆஸ்பத்திரில உர மூட்டைன்னு படிச்சதும் நெஞ்சு அடைச்சிருச்சு. எங்க தாத்தா கெடாவுல ஒரு தோட்டத்துல டிரெசர். ராத்திரி ரெண்டு மணிக்கு கதவத் தட்டினாலும் பை எடுத்துக்கிட்டு சைக்கிள்ல போவாரு. யாரு வீட்டுல யாருக்கு கொதிப்பு, எந்தப் பிள்ளைக்கு இழுப்பு வரும்னு எல்லாம் அவருக்கு மனப்பாடம். காலைல பெரட்டுல (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கற எடம்) ஒருத்தன் நிக்கற நிலைய வச்சே "நீ இன்னைக்கு வேலைக்குப் போகாத, ஆஸ்பத்திரிக்கு வா"ன்னு சொல்லிடுவாராம். வெள்ளைக்காரன் காலத்து சட்டமே தோட்டத்துல ஆளுங்க மருத்துவத்துக்கு முதலாளி பொறுப்புன்னு வச்சிருந்துச்சு, டிரெசர்களப் பதிவு பண்ணவே 1965ல தனிச் சட்டம் வந்துச்சு. தோட்டத்த துண்டு போட்டு வித்தாங்க, பால்மரம் போய் செம்பனை வந்துச்சு, ஆளு கொறைஞ்சாங்க, ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணா மூடிருச்சு, அவரு கையில இருந்த அந்த மனப்பாடம் யாரு கைக்கும் போகல.

அக்கா சொன்னதோட நான் ஒண்ணு சேக்கறேன். 1990ல வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் இருக்கு, ஆக்டா 446னு சொல்வாங்க, அதுல வீடு மட்டும் இல்ல, மருத்துவ வசதி பத்தியும் முதலாளிக்கு கடமை இருக்கு. அதனால தோட்டத்து மேனேஜருக்கும் ஒரு கடுதாசி குடுங்க, லேபர் ஆபீசுக்கு ஒரு காப்பி. சண்டைக்கு இல்ல, பூட்டின கட்டடத்துல ஒரு ரூம் மாசம் ஒரு நாளைக்கு தொறந்து, கூட்டி, தண்ணியும் கரண்டும் குடுக்கச் சொல்லுங்க, அது போதும். கொங்சி பசங்களும் அந்தத் தோட்டத்து ஆளுங்கதான், அதனால அவங்களயும் சேத்தே கேளுங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு அரசாங்க கிளினிக்ல கட்டணம் வேற, கூட வரும், அத யாரு கட்டறதுன்னு மொதல்லயே மேனேஜர்கிட்ட பேசி முடிச்சிருங்க. வேலையில அடிபட்டா 2019 ஜனவரில இருந்து பெர்கெசோவுல (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) அவங்களுக்கும் பாதுகாப்பு உண்டு, அந்த முள்ளு ஒரு வங்காளதேசத்துப் பையன் கால்ல ஏறியிருந்தாலும் அவன் போய் கேக்கலாம்.

கோலசிலாங்கூர் தம்பி:
அக்கா, நான் கொஞ்சம் மாத்திப் பேசறேன், தப்பா நெனைக்காதீங்க. வண்டி வர்றது பெருசில்ல, வண்டி போனதுக்கு அப்புறம் என்னங்கறதுதான் பெருசு.

நாங்க இளைஞர் மன்றத்துல இருந்து எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்துல மருத்துவ முகாம் வச்சோம். எல்லாம் நல்லா நடந்துச்சு, 80 பேருக்கு மேல வந்தாங்க. அப்ப ஒரு பாட்டி வந்தாங்க, சுகர் பாத்தா 18 சொச்சம். பாட்டி உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமான்னு கேட்டேன். இடுப்புல இருந்து சுருக்குப்பைய எடுத்து, வெத்தில பாக்கெல்லாம் தள்ளிட்டு, நாலா மடிச்ச ஒரு துண்டுத் தாள எடுத்துக் குடுத்தாங்க. மடிப்புல கிழிஞ்சு சுண்ணாம்புக் கறை பட்டிருந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வேற ஒரு குழு வந்து முகாம் போட்டப்ப குடுத்த ரிசல்ட். அதுல 17.8, கீழ மலாய்ல "உடனே கிளினிக் போகவும்". பாட்டிக்கு மலாய் படிக்கத் தெரியாது. டாக்டர் குடுத்த காகிதமாச்சேன்னு பத்திரமா வச்சிருக்காங்க, மருந்துன்னு நெனைச்சே வச்சிருந்தாங்கன்னு கூட சொல்லலாம். அந்தக் குழு படம் எடுத்துக்கிட்டு போனவங்கதான், திரும்பி ஒரு போன் கூட இல்ல. ரெண்டு வருசத்துல பாட்டியோட எடது கண்ணு மங்கிப் போச்சு.

அன்னைக்கு நைட்டு உக்காந்து பேசினோம், நாமளும் அதே தப்பத்தான் செய்யப் போறோம்னு புரிஞ்சுச்சு. அடுத்த முகாமுக்கு மூணு மாசம் எடுத்தோம். மொதல்ல கிளினிக்ல போய் மிசிகிட்ட பேசி, முகாம் முடிஞ்ச அடுத்த வாரமே எங்க ஆளுங்களுக்குன்னு ரெண்டு காலைப் பொழுது ஒதுக்கி வாங்கினோம். சீனி அதிகமா இருக்கறவங்க மேசையை விட்டு எழுந்திரிக்கும்போதே கையில தேதி இருக்கும், தமிழ்ல எழுதின தாள், கூட வர்ற பையன் பேரு, வேன் வர்ற நேரம். ஒவ்வொரு பத்து பேருக்கும் எங்கள்ல ஒருத்தர் பொறுப்பு. போகலன்னா அந்தப் பையன் வீட்டுக்குப் போய் ஏன்னு கேக்கணும். பெரும்பாலும் காரணம் சின்னதா இருக்கும், பேரப்பிள்ளைய யாரு பாத்துக்கறது, நல்ல செருப்பு இல்ல, மிசி திட்டுவாங்கன்னு பயம்.

இன்னும் ரெண்டு விசயம். காலைல முகாம்னா பசியாறாம வாங்கன்னு சொல்லுவாங்க, வயசானவங்க வெறும் வயித்துல ரெண்டு மணி நேரம் லைன்ல நின்னு எங்க முகாம்ல ஒருத்தர் மயங்கியே விழுந்துட்டாரு. எச்பிஏ1சிங்கற ரத்த டெஸ்டுக்கு பசியாறிட்டே வரலாம், அது ரெண்டு மூணு மாசத்து சீனி சராசரிய காட்டிடும், முதல் நாள் இனிப்ப நிறுத்தி ஏமாத்தவும் முடியாது. டாக்டர் குழுகிட்ட அத கொண்டுவர முடியுமான்னு கேளுங்க. அப்புறம் பொம்பளைங்களுக்கு ஒரு தடுப்பு கட்டுங்க, வேட்டியக் கட்டினாலும் பரவால்ல. எங்க மொத முகாம்ல அது இல்ல, மார்ல கட்டி இருந்த ஒரு அக்கா சொல்லாமலே போயிட்டாங்க.

வேன் ஓட்டறவன்:
தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டறேன், 8 மணில இருந்து 12 மணி வரைக்கும் வண்டி சும்மாதான் நிக்குது. எங்க ஊருல கோயில் கமிட்டி எண்ணெய் காசு குடுக்கறாங்க, மாசம் ரெண்டு தடவை கிளினிக்குக்கு ஆளு ஏத்திட்டுப் போறேன். டாக்டர தோட்டத்துக்குக் கொண்டுவர ஆறு மாசம் ஆகும், ஆளுங்கள டாக்டர்கிட்ட கொண்டுபோக நாளைக்கே முடியும். கடுதாசி எழுதுங்க, ஆனா காத்துட்டு இருக்காதீங்க.

மிசி அக்கா:
வேன் தம்பி நல்லா இருங்க. மாத்திரை மறுபடி வாங்க மட்டும் எல்லா தடவையும் போகவேண்டியதில்ல, முதல் தடவை கவுன்டர்ல வாங்கினா அடுத்தடுத்தத தபால்ல அனுப்பற சேவை இருக்கு, பார்மசில கேளுங்க. லயத்துக்கு போஸ்ட்மேன் வரமாட்டாருன்னா தோட்டத்து ஆபீஸ் விலாசம் குடுங்க, ஆனா கிராணிகிட்ட (ஆபீஸ் கிளார்க்கு) சொல்லி வையுங்க, ஒரு எடத்துல மாத்திரைப் பொட்டலம் மேசைக்கடியில மூணு வாரம் கெடந்துச்சு.

பாட்டி கதைய படிச்சேன் தம்பி. எங்க ஆளுங்களும் எத்தனை தாள் அந்த மாதிரி எழுதிக் குடுத்திருப்போம். இனிமே எழுதறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், தாள குடுத்துட்டு "என்ன செய்யப் போறீங்க, சொல்லுங்க"ன்னு அவங்க வாயாலயே சொல்ல வைங்க. சொல்ல முடியலன்னா இன்னும் புரியலன்னு அர்த்தம்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எங்க பள்ளிக்கு வருசா வருசம் அரசாங்க பல் குழு நாற்காலி, மெசினெல்லாம் தூக்கிட்டு வந்து வகுப்பறையிலயே பிள்ளைங்க பல்ல பாக்கறாங்க, அதே செம்மண் ரோட்டுலதான் வர்றாங்க. சரவாக் உள்ளுக்குள்ள ரோடே இல்லாத எடத்துக்கு 1973ல இருந்து ஹெலிகாப்டர்ல டாக்டர் போறாங்க. அதனால முடியாதுன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. அப்புறம், மலாய்க் கடுதாசி எழுத உதவி வேணும்னா உங்க தோட்டத்துக்குப் பக்கத்துல இருக்கற தமிழ்ப்பள்ளில கேளுங்க, எந்த டீச்சரும் மாட்டேன்னு சொல்லமாட்டாங்க.

செம்பனை மருமக:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு வாரமா பதில் போட நேரமே இல்ல. வீடு வீடா போனேன். 27 வீடு, 40க்கு மேல 44 பேரு, அதுல 19 பேரு இதுவரைக்கும் சுகரே பாத்ததில்ல. மாத்திரை குடுத்தும் நிறுத்தினவங்க 8 பேரு. அஞ்சாவது வீட்டு அத்தை மாத்திரை டப்பாவ சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தாங்க, தேதி முடிஞ்சு ஒரு வருசம் ஆச்சு, தீர்ந்து போயிடுமேன்னு வாரத்துக்கு ஒண்ணு போட்டிருக்காங்க. போய்வர 40 வெள்ளி இல்லாததாலதான்.

கடுதாசி டீச்சர் ஒருத்தர் எழுதிக் குடுத்தாங்க, போன திங்கக்கிழமை சுகாதார ஆபீஸ்ல குடுத்து சாப் (முத்திரை) வாங்கிட்டேன். மேனேஜர் ரூம தர்றேன்னு வாயால சொல்லியிருக்காரு, எழுத்துல கேட்டிருக்கேன்.

அதுவரைக்கும் வேன். எங்க பள்ளிக்கூட வேன் அண்ணனும் ஒத்துக்கிட்டாரு, 12 பேரு போகலாம், ஆளுக்கு 5 வெள்ளி, இல்லாதவங்களுக்கு கோயில்ல இருந்து. வர்ற வியாழன் காலைல 8 மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னாடி மொத நடை. மாமா முன் சீட்ல உக்காரணும், கால நீட்டி வைக்கணும். கொங்சில இருந்து ஒரு பையன் மட்டும் பேரு குடுத்திருக்கான், மத்தவங்க பயப்படறாங்க, நாளைக்கு மறுபடி போய் பேசறேன். வங்காள மொழி தெரிஞ்சவங்க யாராவது இங்க இருந்தா, "கால்ல காயம் இருந்தா சொல்லு, உன்ன யாரும் வேலைய விட்டு அனுப்பமாட்டாங்க, மேனேஜர்கிட்ட பேசியாச்சு"ன்னு வாய்ஸ் மெசேஜ்ல சொல்லி அனுப்புங்க, என் போன்ல போட்டுக் காட்டறேன்.