மைக்செட் டிரெய்லரை அம்மாவுக்குக் கேம்பரா (உள்ளயே தங்கற வண்டியா) மாத்தி ஏற்காடு ஏத்தணும், யோசனை சொல்லுங்க

கொண்டலாம்பட்டி மைக்செட்:

வணக்கம். எங்கப்பா சேலத்துல மைக்செட், சீரியல் செட் தொழில் பண்ணினவர். ஆடியில கோட்டை மாரியம்மன் பண்டிகைன்னா எங்க வீட்ல யாருக்கும் தூக்கம் கிடையாது. ஸ்பீக்கர் பெட்டி ஏத்தறதுக்குன்னே அவர் கட்டின மூடின டிரெய்லர் ஷெட்டுல நிக்குது. பத்தடி நீளம், அஞ்சடி அகலம், தகரச் சுவர், ஒத்தை அச்சு, பின்னால ரெட்டைக் கதவு. ஆர்சி இருக்கு. வெறும் எடை 430 கிலோ, பாரத்தோட சேர்த்து அனுமதிச்ச மொத்த எடை 1,000 கிலோ. இழுக்கறது பொலேரோ. அப்பா போனதும் தொழிலை விட்டாச்சு. ஆனா இதை மட்டும் விக்க மனசு வரல.

அம்மாவுக்கு 67 வயசு, இடது முட்டி தேய்ஞ்சு போச்சு. மாமாவோட காப்பித் தோட்டம் ஏற்காட்டுல செம்மடுவு பக்கம். அங்க கழிப்பறை வீட்டுக்கு வெளிய, ராத்திரியில படி இறங்கித்தான் போகணும். அதுக்குப் பயந்தே அண்ணன் வீட்டுக்குப் போறதை நிறுத்திட்டாங்க. கேட்டா 'எனக்கென்னடா, இங்கயே இருந்துக்கறேன்'ங்கறாங்க. எனக்குத்தான் பொறுக்கல. டிரெய்லரை மாமா வாசல்ல நிறுத்தி, அம்மா உடம்புக்குத் தோதா கட்டில், உள்ளயே கழிப்பறை, சாமி படம் வைக்க ஒரு மாடம், இவ்வளவு போதும்.

அமெரிக்காவுல ஆறடிக்குப் பன்னெண்டடி கார்கோ டிரெய்லரை இப்படி மாத்தற வீடியோ நிறைய பார்த்தேன். ஆசாரி சுவர், கூரை எல்லாத்துக்கும் 18 மி.மீ. பிளைவுட் போடலாங்கறார். சரி வருமா? மலையில ஈரம், குளிர் எப்படி? மலைப்பாதையில இழுக்கறதுல என்ன கவனிக்கணும்?

சங்ககிரி பாடி பட்டறை:

தம்பி, 18 மி.மீ. வேண்டாம். எட்டுக்கு நாலு ஷீட் ஒண்ணு 35 கிலோ கிட்ட வரும். உங்க சுவர், கூரை எல்லாம் சேர்த்தா 200 சதுர அடி. ஆறேழு ஷீட் ஆகும், 220 கிலோவுக்கு மேல சுவருக்கே போயிடும். 6 மி.மீ. போட்டா 80 கிலோவுக்குள்ள முடியும். தகரத்துக்கு ஏற்கனவே சட்டம் இருக்கு, பலகை பாரம் தாங்க வேண்டியதில்ல. கட்டில் மேல்பலகைக்கு மட்டும் 12 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கற பிளைவுட்) வாங்குங்க, ஐஎஸ் 710 முத்திரை பார்த்து. கட்டில் சட்டத்துக்கு அலுமினியச் சதுரக் குழாய். அதே அளவு இரும்புல மூணுல ஒரு பங்குதான் எடை.

வீடியோல பார்க்கற ஒத்தை அச்சு டிரெய்லருக்கு அங்க மொத்த எடை பெரும்பாலும் 2,990 பவுண்டு, அதாவது 1,350 கிலோ சொச்சம். உங்களுது 1,000. அவங்க ஏத்தறதையெல்லாம் நீங்க ஏத்த முடியாது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இறக்கம்தான். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. ஏறும்போது இஞ்சின் திணறினா நிறுத்திக்கலாம். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது, பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளிக்கிட்டே வரும், அத்தனை சூடும் பொலேரோ பிரேக்குக்குத்தான். ஓவர்ரன் பிரேக் போடுங்க. வண்டி வேகம் குறைஞ்சதும் டிரெய்லர் முன்னால நெருக்கும், டிரெய்லரை வண்டியோட மாட்டற கப்ளிங் உள்ள அமுங்கும், அந்த அமுக்கத்துலயே ராடு இழுத்து டிரெய்லர் சக்கரத்துல பிரேக் பிடிக்கும். அதுக்காகக் கியரை மறந்துடாதீங்க, இரண்டாவது கியர்லயே இறக்குங்க.

பாரம் வைக்கறதுலயும் கணக்கு இருக்கு. மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் கப்ளிங் மேல உக்காரணும். 800 கிலோன்னா 80லிருந்து 120. பின்பக்கம் பாரம் கூடினா வால் ஆட ஆரம்பிச்சுடும். தண்ணி டேங்கை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால வைங்க. பேட்டரி மூக்குப் பக்கம், அதுவும் லித்தியம். 100 ஆம்பியர் லித்தியம் 12 கிலோ சுமாருக்கு முடிஞ்சிடும். இன்வெர்ட்டர் டியூபுலர் 50 கிலோ தாண்டும்.

ஜன்னல் வெட்டறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்ல வரைபடத்தோட கேட்டுடுங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியை மாத்தறதைப் பத்தினதுதான். இன்னொண்ணு, ஓடும்போது அம்மா பொலேரோவுலதான் உக்காரணும். படுத்துக்கிட்டு வரட்டும்னு உள்ள விட்டுடாதீங்க.

நாகலூர் மருமக:

படிச்சதும் மனசு நெகிழ்ந்துடுச்சுங்க. என் மாமியாருக்கும் முட்டிதான் பிரச்சினை. கட்டில் உயரத்தை யாரையும் கேட்காதீங்க, அம்மாவை வீட்ல ஒவ்வொரு நாற்காலியா உக்கார வைங்க. கையை ஊன்றாம எழுந்திரிக்கிற உயரம்தான் அவங்க அளவு. மெத்தை அமுங்கறதையும் சேர்த்து அளங்க. எங்க மாமியாருக்குப் பத்தொன்பது அங்குலம் வந்துச்சு. பெட்டி டாய்லெட் கடையில வர்றது ரொம்பத் தாழ்வா இருக்கும், அடியில பலகை மேடை கட்டி அதே உயரத்துக்கு ஏத்துங்க. படி ஆறங்குலத்துக்கு மேல வேண்டாம். ஏறும்போது நல்ல கால் முன்னால, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால. அதனால கைப்பிடி ரெண்டு பக்கமும் இருக்கட்டும்.

ஈரம்னு கேட்டீங்க. பனிமூட்டத்துல தகரம் உள்பக்கம் வேர்க்கும், ரெண்டு பேர் மூச்சுக்கே விடியக்காலையில சொட்டும். ஏசி டக்ட்டுக்கு ஒட்டற கருப்பு நைட்ரைல் ஷீட் 19 மி.மீ. வாங்கி, தகரத்தோட இடைவெளி இல்லாம ஒட்டி, அது மேல பலகை போடுங்க. தரையோரம் ஒரு காத்து ஓட்டை, கூரையோரம் ஒண்ணு, குளிரா இருந்தாலும் மூடாதீங்க. கரி அடுப்பு, கணப்புச் சட்டி எதுவும் உள்ள கூடாது, அந்தப் புகையில மணமே இல்லாத நஞ்சும் வரும். சமையல் பின்கதவைத் திறந்து வெளிய வச்சுக்கலாம். மாடத்துல எண்ணெய் விளக்குக்குப் பதிலா சின்ன எல்இடி போதும், அம்மாகிட்ட முன்னாடியே பக்குவமா சொல்லிடுங்க. ஓட்டைக்குக் கம்பி வலை அடிங்க, குரங்கு கை விட்டுத் துழாவும்.

கொண்டலாம்பட்டி மைக்செட்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவோட அளவு பதினெட்டரை அங்குலம். எடை மேடையில போட்டுப் பார்த்தேன், பழைய ரேக்கெல்லாம் கழட்டாம 510 காட்டுது. ரேக்கு பூராவும் ஆங்கிள் இரும்பு. அப்பா கையால வெல்டு வச்சது, கழட்டத் தயக்கமா இருக்கு.

சங்ககிரி பாடி பட்டறை:

முன்பக்க ரேக்கு ஒண்ணை மட்டும் விட்டுடுங்க தம்பி. பேட்டரிக்கும் மாடத்துக்கும் அதுவே தாங்குசட்டம் ஆகும், கப்ளிங் பாரத்துக்கும் உதவும். மத்ததைக் கழட்டுங்க. அச்சுல இருந்து கப்ளிங் வரைக்கும் எத்தனை அடின்னு அளந்து, அச்சு, கப்ளிங் ரெண்டையும் படம் எடுத்துப் போடுங்க. எந்த பிரேக் டிரம் சேரும்னு பார்த்துச் சொல்றேன்.