கொழுப்பு கடத்தும் ஜீன், பழுதாகும் விழித்திரை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஈக்கூடு:
ஆர்டிஜிபி என்ற கொழுப்பு கடத்தும் ஜீன் பழுதான பழ ஈக்களோடு எனக்கு வேலை. வெளிச்சத்தில் வளர்ந்தால் சில நாட்களில் விழித்திரை சிதையும், இருட்டில் வைத்தால் நன்றாகவே தாங்கும். இருட்டுப் பெட்டி என் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை மூடியைச் சரியாக அழுத்தாமல் கிளம்பிவிட்டேன். விரல் நுழையும் இடைவெளிதான், ஆனால் மேலே குழல் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. திங்களன்று ஒரு ஈயின் தலையை வெட்டி, நகப்பூச்சில் ஒட்டி, எண்ணெய்த் துளி விட்டு, கீழிருந்து ஒளி கொடுத்துப் பார்த்தேன். ஈயின் கண் பல சிறு கண்ணறைகளால் ஆனது; ஒவ்வொரு கண்ணறையிலும் ஒளியுணரும் செல்கள் ஏழு புள்ளிகளாக மின்ன வேண்டும். நடுப்புள்ளி மட்டும் கூர்மையாக இருந்தது, சுற்றியிருந்த ஆறும் கலங்கிப் போயிருந்தன. பக்கத்துக் கண்ணறை, அதற்கடுத்த கண்ணறை, எல்லாம் அப்படியே. மூன்று வார வேலை போனதைவிட அந்த ஒற்றைப் புள்ளிதான் இன்னும் உறுத்துகிறது.

சின்ன அத்தை:
என் அண்ணன் மகனுக்குக் கோஹன் நோய்க்குறி என்ற அரிய பரம்பரை நோய். எப்போதும் சிரித்த முகம், பேச்சு மட்டும் தாமதம். வாய்ப்புண்ணுக்கு ஒரு மருத்துவர், கண்ணாடிக்கு ஒருவர், நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் குறைவுக்கு இன்னொருவர். மூவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டதே இல்லை. ஒரு நாள் பொழுது சாயும் நேரம், விளக்குப் போடாத மாடிப்படி. அவனுக்கு அப்போது ஒன்பது வயது. என் கையை விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, கட்டைவிரலால் படியின் ஓரத்தைத் தேடித் தேடி இறங்கினான். "எப்ப இருந்துடா இப்படி இறங்குற?" என்றேன். "எல்லாரும் இப்படித்தானே அத்தை?" என்றான். பழுதான ஜீனுக்கு விபிஎஸ்13பி என்ற பெயர் வந்து சேர்ந்தது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து. மேலே ஈ கதையைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. நாங்கள் அவனை வெயிலில் நிறைய விளையாட விட்டோம்.

கால்நடை:
எனக்கு அது பார்டர் கோலி நாய்க்குட்டி. ஒல்லி முகம், ஓயாத காய்ச்சல். ரத்தத்தில் நியூட்ரோபில் கிட்டத்தட்ட இல்லை, மஜ்ஜையிலோ நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. வெளியே வர வழி தெரியாத கூட்டம் மாதிரி. நான்கு மாதத்தில் போய்விட்டது. அதே விபிஎஸ்13பியில் நான்கு டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டதுதான் காரணம் என்று 2011ல் வெளிவந்த ஆய்வைப் படித்தபோதுதான், அந்தக் குட்டியின் கண்ணுக்குள் நான் ஒருமுறைகூட விளக்கடித்துப் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

படகும்பாலமும்:
ஈக்கூடு, உங்கள் கதையால் அத்தை வீணாகப் பயப்படுகிறார். ஆர்டிஜிபி ஒரு படகு. கொழுப்பு மூலக்கூறை ஏற்றிக்கொண்டு ஒரு சவ்விலிருந்து அடுத்ததற்குப் போய் இறக்கும். விபிஎஸ்13 நீளமான பாலம், அதன் பள்ளத்தில் கொழுப்பு வழுக்கிக்கொண்டு போகும். அது ஈஸ்ட்டில் ஒன்று, நமக்கு ஏ, பி, சி, டி என நான்கு. ஏ கெட்டால் கை கால் தானாக ஆடும், சி என்றால் பார்க்கின்சன், டி என்றால் நடை தள்ளாடும், பி கெட்டால்தான் இந்த விழித்திரைச் சிக்கல். ஈயின் கண்ணில் ஒளி பட்டதும் பிஐபி2 என்ற கொழுப்பு உடைகிறது, அதை மறுபடி நிரப்பச் சரக்கு கொண்டுவருவது ஆர்டிஜிபி. நம் விழித்திரைக் குச்சிச் செல்லில் வேலை நடப்பது சிஜிஎம்பி என்ற வேறொரு மூலக்கூறு வழியாக. அதனால் அத்தை, வெயிலில் விளையாடியதால் வந்தது என்று மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்புறம், பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதி வைத்திருக்கிறார்களா என்று சோதியுங்கள், அடுத்த குழந்தைக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பல் ஈறுகளை விடாமல் கவனியுங்கள். இஆர்ஜி, அதாவது விழித்திரை ஒளிக்கு எழுப்பும் மின்சைகையை அளக்கும் சோதனை, எடுங்கள். காய்ச்சல் வந்தால் நியூட்ரோபில் எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளியில் முன்வரிசை கேளுங்கள், ஆனால் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். கால்நடை, ஒரு பிரதி மட்டும் பழுதான நாயை இனப்பெருக்கத்திலிருந்து மொத்தமாக விலக்காதீர்கள். பழுதில்லாத நாயோடு சேர்த்தால் குட்டிக்கு நோய் வராது.

ஈக்கூடு:
இரண்டும் ஒன்று என்று நான் எங்கே சொன்னேன்? படகு ஈக்கு மட்டும் என்றும் ஒதுக்கிவிடாதீர்கள். எலியின் ஆர்டிஜிபியை ஈக்குள் போட்டு அதன் கண்ணைக் காப்பாற்றியது 1997ல். மனிதரில் அதன் உறவான பிஐடிபிஎன்எம்3ல் மாற்றம் இருந்த கூம்புச்செல் நோயை 2007ல் சுவீடன் குடும்பங்களில் கண்டார்கள். அத்தை, பயமுறுத்த எழுதவில்லை. மன்னியுங்கள்.

சின்ன அத்தை:
பரவாயில்லை தம்பி. படகும்பாலமும், வெயிலைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. நீங்கள் சொன்ன மற்ற சோதனையெல்லாம் எடுத்தாயிற்று, நான் அவற்றைக் கேட்கவும் இல்லை. படியோரம் முழுக்க மஞ்சள் பட்டை ஒட்டினோம். அவன் இன்னும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குகிறான்.