சொட்டாத கசிவு: பழைய டீசல் வண்டியில் காற்றைத் தேடிய அனுபவங்கள்

எங்கள் வீட்டில் இருப்பது 2சி எஞ்சின் பூட்டிய பழைய டொயோட்டா கொரோலா. காலையில் சாவியைத் திருப்பியதும் பிடிக்கும், சில வினாடிகள் ஓடும், பிறகு இருமி அணைந்துவிடும். அதன்பின் பற்றரி களைக்கும்வரை சுழற்றினாலும் அசையாது. பில்டர் தலையிலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அமுக்கிவிட்டு ஸ்ரார்ட் செய்தால் மாலைவரை ஒரு குறையும் சொல்லாது. பக்கத்துக் கராஜில் பொனட்டைத் திறந்த கையோடு, "டீசல் பம்ப் போய்விட்டது, கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் பழுதென்றால் முதலிலேயே பிடிக்காது. பிடித்தபின் அணைவது வேறு நோய்: பம்புக்குள் எஞ்சியிருந்த டீசல் தீர்ந்ததும் பின்னால் வருவது காற்று.

இந்த எஞ்சினுக்கு டாங்கியில் மின்பம்ப் கிடையாது. டீசல் பம்பின் உள்ளே இருக்கும் சிறிய இறகுப் பம்ப்தான் டாங்கியிலிருந்து பில்டர் வழியாக எல்லாவற்றையும் இழுக்கிறது. அதனால் அந்த வழியில் எங்கே வெடிப்பு விழுந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த குழாயால் இளநீர் உறிஞ்சியவர்களுக்கு இது புரியும். வண்டிக்குக் கீழே நிலம் காய்ந்திருக்கிறது என்பதால் கசிவே இல்லை என்று சொல்கிற மெக்கானிக்கை நான் நம்புவதில்லை.

நான் செய்தது இதுதான். சுத்தமாக வடித்த டீசலை ஒரு கானில் எடுத்து, கண்ணாடிபோலத் தெரியும் குழாயால் நேரே டீசல் பம்பின் வாயில் இணைத்தேன். மிஞ்சிய டீசல் திரும்பிவரும் குழாயையும் அதே கானுக்குள் விட்டேன். கானைப் பொனட் உயரத்தில் வைக்கக் கூடாது. வைத்தால் டீசல் தானாக இறங்கும், உறிஞ்சல் இராது, பம்பிலேயே கசிவு இருந்தாலும் மறைந்துவிடும். நிலத்தில் வைத்தேன். இரவு முழுவதும் அப்படியே விட்டுக் காலையில் திருப்பியபோது பிடித்தது, அணையவில்லை. பம்ப் குற்றமற்றது என்று தெரிந்தது.

அடுத்ததாகப் பில்டரை இடையில் சேர்த்தேன். உடனே குழாயில் குமிழிகள் வரிசையாக வரத் தொடங்கின. குழாயின் மேட்டில் அசையாமல் நிற்கும் ஒரு குமிழியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஓயாமல் ஓடிவருபவைதான் எதிரி. கைப்பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தகட்டில் மயிரளவு வெடிப்பு. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் பில்டர் தலையை முழுதாக வாங்கிப் பூட்டினேன்.

* * *

வேலணையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வான் காலையில் நன்றாகவே பிடிக்கும். யாழ்ப்பாணத்துக்கு வரும் பண்ணைப் பாலத்தில் போகும்போதுதான் இழுவை குறையும், அதுவும் டாங்கி பாதிக்குக் கீழே இறங்கிய நாட்களில் மட்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்கு முன் இது எனக்குத் தெரிந்ததேயில்லை. எப்போதும் நிரப்பி ஓடியவன், அளந்து கிடைத்த டீசலில் ஓடத் தொடங்கியதும் வெளிப்பட்டது. உப்புக்காற்று இரும்புக் குழாயைத் தின்றிருக்கும் என்று அச்சுக்கு மேலே கிளிப்புகளின் அடியெல்லாம் சுரண்டிப் பார்த்தோம். துருத்தான் இருந்தது, ஓட்டை இல்லை. கடைசியில் டாங்கியை இறக்கினோம். உள்ளே இறங்கும் உறிஞ்சு குழாயின் நடுவில் துரு துளைத்திருந்தது. டீசல் அதற்கு மேலே நின்றால் துளை மூழ்கிக்கிடக்கும். கீழே போனால் காற்றைக் குடிக்கும். எரிபொருள் மட்டத்தோடு கூடிக்குறையும் பழுதென்றால் டாங்கிக்குள் பாருங்கள்.

* * *

மேலே எழுதிய இருவரும் திரும்பிவரும் குழாய்களை மறந்துவிட்டீர்கள். சில எஞ்சின்களில், டீசலை விசிறும் நொசில்களை இணைக்கும் துணி சுற்றிய சிறு ரப்பர்த் துண்டுகள் வெயிலில் வெடித்தால், நிறுத்திய வண்டியில் இரவில் அவற்றின் வழியாகக் காற்று ஏறி, டீசல் மெல்ல டாங்கிக்குத் திரும்பிவிடும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. விலை அற்பம், ஆகவே சோதிப்பதற்கு முன்பே மாற்றிவிடுவது என் வழக்கம்.

இன்னொன்று. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார் ஓட்டிய ஊர் இது. கையில் கிடைத்ததைக் கட்டி வண்டியை நகர்த்தினோம். அந்தப் பழக்கத்தில் இன்றும் சிலர் வெடித்த குழாயில் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றுகிறார்கள். அந்த ரப்பர் டீசல் பட்டால் ஊதிக் களிபோலாகிவிடும். எண்ணெய் தாங்கும் குழாய் கேட்டு வாங்குங்கள். குழாய் இணைப்பைக் கழற்றினால் செப்பு வொஷரையும் புதிதாகப் போடுங்கள்.

இரவில் டீசல் பின்வாங்குகிறதா என்று அறிய, எஞ்சினை நிறுத்தியபின் டாங்கிக்குப் போகும் இரண்டு ரப்பர்க் குழாய்களையும் கவ்வியால் நெரித்து வையுங்கள். காலையில் தடையில்லாமல் பிடித்து நின்றால், இரவில் டீசல் இறங்கியதுதான் காரணம். ஆனால் சாவியைத் திருப்புமுன் கவ்விகளைக் கழற்றிவிடுங்கள். திரும்பும் வழி அடைபட்டபடி ஓடினால் பம்பின் முன் சீல் பிதுங்கிவிடும். அப்போது உண்மையிலேயே கொழும்புக்கு அனுப்ப வேண்டிவரும்.